ஒரு சுளகு தவிடு

எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் இந்தப் பகிடி நினைவிருக்கும். வீட்டில் சண்டை வந்தால் மூத்தது இளையதைப் பார்த்து, "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினது" என்று சொல்லும். இளையது ஓவென்று அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடும். அம்மா சிரித்துக்கொண்டே மூத்ததின் முதுகில் ஒன்று வைப்பார். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு அந்தப் பகிடி ஓடித் திரிந்தது. எங்கள் வீட்டில் மட்டும் தடை. நான் ஒரேயொரு தடவை என் தங்கையிடம் அதைச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. வாயில் அடித்தார், உதடு வெடித்துவிட்டது. பிறகு குசினிக்குள் போய் அவரே அழுதார்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் அது உண்மை. என் தங்கையைத் தவிட்டுக்குக் கொடுத்தார்கள். தவிடு கொடுத்துத் திருப்பி வாங்கினார்கள். நடுவில் ஒரு வருடம் இருந்தது. அந்த வருடத்தில் ஒரு மனுசி என்ன ஆனாள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

போன மாதம் அந்த மனுசி போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவின் ஒரே தங்கை, எங்கள் சின்னம்மா. இனிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா துறைமுகத்தில் கிளார்க். எனக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் தொட்டிலோடு போய்விட்டன. மூன்றாவதாக வந்தவள் தங்கை. நல்ல கொழுகொழுவென்று பிறந்தாள். மூன்றாம் மாதம் காய்ச்சல் வந்தது, காய்ச்சலோடு வலிப்பும் வந்தது. டொக்டர் மருந்து கொடுத்தார், அந்தத் தடவை பிழைத்தாள். ஆனால் அம்மாவுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. கொச்சிக்கடைக் கோயிலுக்கு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போய் மெழுகுதிரி கொளுத்தினார். வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

எங்களுக்கெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சிதான் அந்த யோசனையைச் சொன்னாள். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, எங்கள் வாசற்படியில் இருந்து சொன்னாள்.

"இந்த வீட்டில வச்சிருந்தா இதுவும் தங்காது பிள்ளை. ஆருக்கும் தவிட்டுக்குக் குடுத்துவிடு. ஒரு வருஷம் அங்க வளரட்டும். பிறகு மடுமாதாவுக்கு முன்னால வச்சுத் தவிடு குடுத்துத் திருப்பி வாங்கு."

வந்து போன சாவுக்கு எங்கள் வீட்டு வாசல் தெரியுமாம். பிள்ளை இன்னொருத்தியுடையது என்றால் தேடி வந்தாலும் வெறுங்கையோடு போய்விடுமாம். அதற்கு இன்னுமொரு நிபந்தனையும் சொன்னாள். திருப்பிக் கொடுத்த பிறகு, வளர்த்தவள் பிள்ளையைத் தொடக்கூடாது. பிள்ளை ஏழெட்டு வயதில் கோயிலில் நற்கருணை வாங்கி முதல் நன்மை எடுக்கும் நாள் வரைக்கும் தொடக்கூடாது. தொட்டால் சாவுக்குச் சூழ்ச்சி பிடிபட்டுவிடும். பிள்ளையிடமும் ஒரு காலமும் சொல்லக்கூடாது.

பங்குச் சுவாமி இதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "வேதக்காரர் செய்யிற வேலையா இது?" என்றார். கடைசியில், "சரி, மடுவுக்குப் போறதெண்டா நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா எதையும் நம்பாத ஆள். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்து ஓம் என்றார்.

கொடுப்பதற்கு வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. சின்னம்மா வெள்ளவத்தையில், கடற்கரைக்குப் போகும் ஒரு ஒழுங்கையில் இருந்தார். கலியாணம் முடித்துக் கனகாலம், பிள்ளை இல்லை. சித்தப்பா காலி வீதியில் ஒரு துணிக்கடை வைத்திருந்தார். "அவளுக்கும் ஒரு ஆறுதல், எங்களுக்கும் ஒரு உதவி" என்று அப்பா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏதோ தையல் மெசினை இரவல் கொடுக்கிற மாதிரித்தான் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சின்னம்மா ஒரு சுளகு நிறையத் தவிடு கொண்டு வந்தார். அம்மா வாசலில் குழந்தையோடு நின்றார். தவிட்டை வாங்கிக்கொண்டு குழந்தையைக் கொடுத்தார். பிறகு மருத்துவிச்சி சொல்லிக்கொடுத்தபடி, யாருடைய பிள்ளை என்றே தெரியாத ஆள் மாதிரி, "இது ஆற்ற பிள்ளை?" என்று கேட்டார்.

"என்ர பிள்ளை" என்றார் சின்னம்மா.

சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அந்தத் தவிட்டை அம்மா அன்று பின்னேரமே எங்கள் கோழிகளுக்குப் போட்டுவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் அம்மாவும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போவோம். வாசல் கேற்றடியில் நின்று அம்மா அதே கேள்வியைக் கேட்கவேண்டும், சின்னம்மா பதில் சொல்லவேண்டும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அதற்குப் பிறகுதான் உள்ளே போகலாம். அம்மா குழந்தையைத் தூக்கமாட்டார். பக்கத்துவீட்டு மனுசி மாதிரிக் கன்னத்தைத் தொட்டுவிட்டு, பால்மாப் பேணி முடிந்ததா, வயிற்றால் போகிறதா என்று விசாரிப்பார். திரும்பி வரும் பஸ்ஸில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார். என் அம்மாவும் அந்த வருடம் நிம்மதியாக இருக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சின்னம்மா வீட்டு மண்டபத்தில், முகட்டு மரத்தில் சித்தப்பா ஒரு இரும்புக் கொளுக்கி அடித்துத் தங்கைக்கு ஏணைத் தொட்டில் கட்டியிருந்தார். சின்னம்மாவின் பழைய மஞ்சள் சேலைதான் ஏணை. கடற்கரையோரம் ரெயில் போகும்போது வீட்டுக் கிளாசுகள் எல்லாம் கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் சின்னம்மா கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, தங்கையைத் தூக்கிக்கொண்டு யன்னலுக்கு ஓடுவார். "கூ... பாருங்கோ, கூ போகுது!" தங்கை பேசிய முதல் சொல் அதுதான். கூ.

வலிப்பு வரவில்லை. ஒரு தடிமன்கூட ஒழுங்காக வரவில்லை. கையும் காலும் மடிப்பு மடிப்பாக வளர்ந்தாள்.

சின்னம்மாவும் மாறினார். முன்பெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று மெல்லக் கதைக்கிறவர், இப்போது மீன்காரனோடு சிங்களத்தில் பேரம் பேசிச் சத்தம் போட்டார். பாட்டுப் பாடினார். ஆனால் கேற்றடியில் அம்மா, "இது ஆற்ற பிள்ளை?" என்று கேட்கும்போது இரண்டு பேரும் சிரிப்பது எப்போதோ நின்றுவிட்டது. ஒரு ஞாயிறு அம்மா கேட்டு முடிப்பதற்குள்ளேயே, "என்ர பிள்ளை, அக்கா" என்று சின்னம்மா சட்டென்று சொன்னார். அம்மாவின் முகம் கறுத்துப்போயிற்று. அன்றைக்கு நாங்கள் தேத்தண்ணி குடிக்காமல் வந்துவிட்டோம்.

ஆவணி வந்தது, மடுத் திருநாள் வந்தது. இங்கேதான் அப்பா பெரிய தவறைச் செய்தார். நல்ல மனதோடுதான் செய்தார். மடுவுக்குப் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டு உடனே திரும்பினால் சின்னம்மாவுக்கு மனவருத்தமாக இருக்குமாம். அதனால் அப்படியே திருகோணமலை, நுவரெலியா என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி, போகிற இடமெல்லாம் கூடாரம் அடித்துத் தங்கி வந்தால், "எல்லாருக்கும் மனம் ஆறிடும்" என்றார். சித்தப்பாவிடம் கடைக்குச் சாமான் ஏற்றும் பழைய வேன் இருந்தது. அப்பா துறைமுகத்திலிருந்து ஒரு பழைய தறப்பாள் வாங்கி வந்தார். கருவாட்டு மூட்டை மூடின தறப்பாள். எவ்வளவு கழுவியும் அந்த மணம் போகவில்லை. இப்போதும் கருவாட்டுக் கடையைக் கடந்தால் எனக்கு அந்தப் பயணம் முழுக்க வந்து நிற்கும்.

எனக்கோ தலைகால் தெரியாத புளுகம். நான் அதுவரை நீர்கொழும்பைத் தாண்டிப் போனதில்லை. வேனின் பின்பக்கம் மெத்தை விரித்து அப்பா, அம்மா, நான். எங்களோடு சின்னம்மா, மடியில் தங்கை. சித்தப்பா ஓட்டினார். மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி, சம்பல் போத்தல், தங்கையின் உயரத்துக்கு அளந்து வார்ப்பித்த மெழுகுதிரி. ஒரு சப்பாத்துப் பெட்டியில் தவிடு, பக்கத்தில் அதே சுளகு. புத்தளத்தில் ஒரு புளியமரத்தின் கீழே கூடாரம் அடித்துச் சோறு காய்ச்சினோம். அன்று சின்னம்மா மாதிரிச் சந்தோசமான ஆளை நான் பார்த்ததில்லை. குழந்தைக்கு உப்பளத்தைக் காட்டினார், கழுதையைக் காட்டினார். அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்னவென்று தெரியாதவர் மாதிரி இருந்தார்.

மடுவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், நம் காலத்தில் திருநாளுக்குக் காடு முழுக்க ஒரு பட்டணமாகிவிடும். மரத்துக்கு மரம் கூடாரம். செபமாலைச் சத்தம், புழுதி, குளத்தில் குளிக்கும் சனம். திருநாள் பூசை முடிந்து சனம் கலைந்தபோது, கோயில் வாசலில் மாதாவுக்கு நேரே நாங்கள் நின்றோம். மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அம்மா சுளகில் தவிட்டைக் கொட்டி ஏந்திக்கொண்டு நின்றார். இந்தத் தடவை கேட்கவேண்டியவர் சின்னம்மா.

சின்னம்மா கேட்கவில்லை. தங்கை அவருடைய கழுத்துச் செபமாலையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். சின்னம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சித்தப்பா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேளன்டி" என்றார் அம்மா. "எனக்குக் கை உளையுது."



"அக்கா, இன்னும் ஒரு வருஷம்..." என்று சின்னம்மா தொடங்கினார்.

"கேள்!" அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

"இது ஆற்ற பிள்ளை?"

"என்ர பிள்ளை" என்றார் அம்மா. சுளகைச் சின்னம்மாவின் கையில் திணித்துவிட்டுக் குழந்தையைப் பறித்துக்கொண்டார். பறித்துக்கொண்டார் என்றுதான் சொல்லவேண்டும். ஒரு வருடமாகக் கன்னத்தை மட்டும் தொட்டவர் அவர். அவரையும் என்னால் பிழை சொல்ல முடியவில்லை. தங்கை விளையாட்டு என்று நினைத்து முதலில் சிரித்தாள். பிறகு அழத் தொடங்கினாள்.

அன்று நண்பகல் வரைக்கும் அழுதாள். கூடாரத்துக்குள் வெக்கை அவித்தது. அம்மா மடியில் போட்டார், தோளில் போட்டார், போத்தலைக் கொடுத்தார். எதுவும் சரிவரவில்லை. சின்னம்மா வெளியே, தறப்பாளுக்கு அந்தப் பக்கம், நிலத்தில் இருந்தார். தொடக்கூடாதே. கொஞ்ச நேரத்தில் அவர் பாடுவது கேட்டது. வெள்ளவத்தையில் ஏணை ஆட்டும்போது பாடுகிற பாட்டு. தங்கை விக்கி விக்கி அடங்கினாள். சத்தம் வந்த பக்கம் தவழ்ந்து போய், தறப்பாளில் கன்னத்தை வைத்தபடியே நித்திரையாகிவிட்டாள். வெளியே பாட்டு நிற்கவில்லை. அம்மா என்னைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் பயணம் தொடர்ந்தது. நினைத்துப் பாருங்கள். பிள்ளையைக் கொடுத்தவர், கொடுத்த பிள்ளையோடு ஒரே வேனில், கை நீட்டினால் படுகிற தூரத்தில் ஊர்சுற்றிப் பார்க்க வேண்டும். சின்னம்மா முன் ஆசனத்துக்கு மாறிவிட்டார். மடியில் அந்தச் சுளகு. தவிட்டைக் கொட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பிள்ளை இருந்த இடத்தில் அதை வைத்துக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்தபடி வந்தார். ரோட்டோரம் யானை நின்றது. நான் கத்தினேன். அவர் திரும்பவில்லை.

மதவாச்சி கடக்கும்போது ரெயில் கேற் போட்டிருந்தார்கள். ரெயில் வந்தது. தங்கை அம்மாவின் மடியிலிருந்து துள்ளி எழும்பி, "கூ! கூ!" என்று இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டினாள். சின்னம்மாவின் தோள் குலுங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

அப்போதுதான் இன்னொன்றையும் கண்டேன். ஓட்டுபவர் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைச் சித்தப்பா மெல்ல இடதுபக்கம் திருப்பிவிட்டார். அதில் இனி அவருக்கு ஒன்றும் தெரியாது. சின்னம்மாவுக்குத்தான் தெரியும். அதற்குள் தங்கையின் முகம் இருந்தது. அங்கிருந்து திருகோணமலை வரைக்கும் சித்தப்பா யன்னலால் தலையை வெளியே போட்டுப் போட்டுத்தான் பின்பக்கம் பார்த்தார்.

"கண்ணாடியை நேராக்குமன் ஐசே, எங்கையாவது கொண்டுபோய் இடிக்கப் போறீர்" என்று அப்பா சொன்னார்.

"அது லூசாப் போச்சு அத்தான்" என்றார் சித்தப்பா.

திருகோணமலையில் கடற்கரைப் பக்கம் கூடாரம் அடித்தோம். அங்கே மான்கள் ஆடுமாடு மாதிரி ரோட்டில் திரியும். மறுநாள் காலை சின்னம்மா சுளகோடு தனியே நின்றார். ஒரு மான் வந்து தவிட்டை மணந்தது, பிறகு தின்றது. இன்னும் இரண்டு வந்தன. முழுவதையும் தின்று சுளகையும் நக்கின. சின்னம்மா பிடித்தபடியே நின்றார். வெறும் சுளகைத் தட்டிவிட்டு வந்து சித்தப்பாவிடம், "முடிஞ்சுது. வீட்டை போவம்" என்றார்.

அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சித்தப்பா கூடாரத்தைக் கழற்றினார். அந்தப் பயணத்தில் எங்களுக்கு நுவரெலியா கிடைக்கவில்லை. அப்பா சாகும் வரைக்கும் அதைக் குறையாகச் சொல்வார். அவருக்கு அந்தப் பயணத்தில் விட்டுப்போனது நுவரெலியா மட்டும்தான்.

சின்னம்மா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வராமல் இருக்கவில்லை. நத்தார் பண்டிகைக்கு வருவார், கோயில் பெருநாளுக்கு வருவார். ஆனால் வாசலிலேயே, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தங்கை நடக்கப் பழகி அவருடைய காலடிக்குப் போனால் விலகிக்கொள்வார். ஒருநாள் அவள் விழுந்து முழங்கால் உடைத்துக்கொண்டு கத்தியபோது, பக்கத்தில் நின்ற சின்னம்மா தூக்கவில்லை. அம்மாவைத்தான் கூப்பிட்டார். மருத்துவிச்சி சொன்னதை எங்கள் வீட்டில் முழுதாக நம்பியவர் அவர் ஒருவர்தான். தன் கை பட்டால் பிள்ளை செத்துப்போகும் என்று நம்பினார். அதனால் அந்தக் கையைக் கட்டி வைத்திருந்தார்.

இது தங்கைக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம், தன்னைக் கண்டால் விலகிப் போகும் ஒரு சின்னம்மா.

அவள் முதல் நன்மை எடுத்த நாளில் சின்னம்மா விடியவே வந்துவிட்டார். புதுச் சேலை. பூசை முடிந்து வெள்ளைச் சட்டையும் தலையில் பூமுடியுமாகத் தங்கை வெளியே வந்ததும், அத்தனை வருடங்களுக்குப் பிறகு பின்னால் கட்டியிருந்த கைகளை விரித்து, "வா குஞ்சு" என்றார். தங்கை அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"எனக்கு வேண்டாம். அவவுக்கு என்னில விருப்பமில்லை."

அம்மா அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிபந்தனைக்குப் பயந்து என்று அவர் பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு அது பாதிதான் உண்மை என்று படுகிறது. விரிந்த கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு சின்னம்மா அந்தக் கையால் தன் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

காலம் ஓடிவிட்டது. அப்பாவும் போய்விட்டார், சித்தப்பாவும் போய்விட்டார். தங்கை கனடாவில் பேரப்பிள்ளை கண்டுவிட்டாள். பெரியவளான பிறகு அவள் வெள்ளவத்தைக்கு ஒரு தடவை வந்தபோது, மண்டபத்து முகட்டைப் பார்த்து, "அந்தக் கொளுக்கி என்னத்துக்கு?" என்று கேட்டாள். "விளக்குக் கட்டினது" என்றார் சின்னம்மா. நான் பக்கத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

போன மாதச் செத்தவீட்டுக்கு, தற்செயலாகக் கொழும்பில் நின்றபடியால் தங்கையும் வந்தாள். "எனக்கும் அவவுக்கும் பெரிசா ஒட்டில்லை. அம்மாவுக்காக வாறன்" என்றாள். பெட்டியை மண்டபத்தின் நடுவில், அந்தக் கொளுக்கிக்குக் கீழேதான் வைத்திருந்தார்கள். செபம் முடிந்தது. பெட்டி மூடுகிற ஆள் முகத்துக்குப் போடும் சரிகைத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, "பிள்ளையள் ஆரும் இருந்தா வந்து மூடுங்கோ" என்றார். நான் எழும்பினேன்.

"நீ இல்லை" என்றார் அம்மா.

அம்மாவுக்கு இப்போது சக்கர நாற்காலி. பேச்சு இடைக்கிடை தடுமாறும். தங்கையின் கையைப் பிடித்துப் பெட்டியடிக்குத் தள்ளினார். பெட்டிக்குள் பார்த்து, கேற்றடியில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"இது ஆற்ற பிள்ளை?"

அம்மா காத்துக்கொண்டிருந்தார். உண்மையாகவே பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லடி. என்ர பிள்ளை எண்டு சொல்லு. நான் இனிக் கோவிக்கமாட்டன். சொல்லு."

சனம் ஒருவரையொருவர் பார்த்தது. அம்மாவுக்கு மூளை தட்டிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். தங்கையும் அப்படித்தான் நினைத்தாள். வெட்கத்தில் முகம் சிவக்க, துணியை வாங்கி, சட்டென்று முகத்தை மூடி, ஓரங்களை ஒழுங்காகச் செருகிவிட்டு வந்தாள். சரியான கெட்டிக்காரி, எதையும் நேர்த்தியாகச் செய்வாள்.

கனத்தை மயானத்துக்குப் போய் வந்து, அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு, வெறுமையாகக் கிடந்த அந்த மண்டபத்தில் வைத்து அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தவிடு, கேற்றடி, மடு, கண்ணாடி எல்லாம். ரெயில் ஒன்று போனது, அலுமாரிக் கிளாசுகள் கிணுகிணுத்தன. அவள் கொளுக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தாள். பிறகு, என்னோடு கோபித்துக்கொள்ளாமல், ஒரு சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"முதலே சொல்லியிருந்தா நான் கொஞ்சம் மெதுவா மூடியிருப்பனே, அக்கா."